புதிய பதிப்பும் பழைய அனுபவமும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வணிக மென்பொருள் மாற்றம் - ஒரு நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப் புகுவோர் அதன் இயற்கை ஆழத்தையும், கொட்டியாரக் குடாவின் விரிவையும், அதனைத் தம் வசமாக்க முனைந்த பேரரசுகளின் போட்டியையும் கூறித் தொடங்குவது மரபு. நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் பொருள் அவற்றோடு ஒப்பிடுமிடத்து மிகச் சிறியதாகத் தோன்றலாம். துறைமுகத்தை அண்டிய தொழில் நிறுவனமொன்றில், விடுமுறை நாளொன்றின் இரவில், ஏலவே இயங்கிவந்த வணிக மென்பொருள் நிறுத்தப்பட்டு அதன் புதிய பதிப்பு நிறுவப்படுகின்றது. மறுநாட் காலை இறங்குதுறையிலும் களஞ்சியத்திலும் வேலைக்கு வருவோர், நேற்றுவரை தாம் அறிந்திருந்த திரை மாறியிருப்பதைக் காண்கின்றனர். இம்மாற்றம் தொழில்நுட்பவியலாளருக்கு மட்டுமே உரிய விடயமெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அக்கருத்துப் போதியதன்று என்பதே எமது வாதமாகும்.

புதிய பதிப்பு ஒன்று நிறுவப்படும்பொழுது மாறுவது கணினி மட்டுமன்று. எது கணக்கில் வரும், எந்த அளவையால் வரும், எந்த மொழியில் வரும், குறைவு ஏற்படின் அது யார் மீது சுமத்தப்படும் என்பனவும் மாறக்கூடும். எனவே, இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை முதலில் விளக்கி, அதில் உழைப்போரின் இடம் யாது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பகுதி நிறுவனங்களுள் எது எந்த மென்பொருளைக் கையாளுகின்றது என்பது எமது ஆய்வுப் பொருளன்று. இத்தகைய மென்பொருள்கள் யாவற்றுக்கும் பொதுவான இயல்புகளையே இத்துறைமுகத்தின் தொழில்களோடு பொருத்திக் காட்ட முனைகின்றோம்.

1. துறைமுகமும் தொலைவிலிருந்து வரும் தீர்மானங்களும்

1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய இத்துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கிற்று. சீனன்குடாவில் இன்றும் காணப்படும் எண்ணெய்க் குதங்கள் அக்கடற்படையின் தேவைக்காகவே கட்டப்பட்டன. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானத் தாக்குதலின்போது குதமொன்று எரிந்தழிந்தது. எஞ்சி நிற்கும் குதங்கள் 99 ஆகும். அவற்றுள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்கது. 2022 சனவரியில் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி 14 குதங்கள் லங்கா இந்திய எண்ணெய் நிறுவனத்திடமும், 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் இருக்க, 61 குதங்கள் இவ்விரண்டும் முறையே 49, 51 சதவீதப் பங்குடைய கூட்டு நிறுவனமொன்றிற்கு ஒதுக்கப்பட்டன.

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இக்குடாவைச் சூழப் பெருந்தொழில்கள் எழுந்தன. சிங்கப்பூரைச் சேர்ந்த பிறிமா நிறுவனத்தின் மாவாலை 1977 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாகச் சீனன்குடாவில் அமைந்தது. 1982 இல் தொடங்கப்பட்ட டோக்கியோ சீமெந்து நிறுவனம் யப்பானிய மூலதனத்தின் கூட்டுடன் தன் ஆலையை இங்கு நிறுவிற்று. துறைமுக நிருவாகம் 1979 இல் தாபிக்கப்பட்ட இலங்கைத் துறைமுக அதிகாரசபையின் கீழ் வந்தது.

இவ்வரலாற்றிலே ஒரு தொடர்ச்சி அவதானிக்கத்தக்கது. கப்பல் வருவதும், பொருள் இறங்குவதும், உழைப்பு நிகழ்வதும் இங்கே. தீர்மானம் எடுக்கப்படுவதோ இலண்டனிலும், பின்னர் கொழும்பிலும், புதுடில்லியிலும், சிங்கப்பூரிலும், தோக்கியோவிலும். வணிக மென்பொருளும் இதே வழியிலேயே வந்து சேர்கின்றது. எந்த மென்பொருளை வாங்குவது, எப்பொழுது புதிய பதிப்புக்கு மாறுவது என்பன தலைமைக் காரியாலயங்களின் தீர்மானங்கள். அதற்கும் மேலாக, பழைய பதிப்புக்கு எந்த ஆண்டுடன் பராமரிப்பு முடியும் என்பதை மென்பொருளை ஆக்கிய பன்னாட்டு நிறுவனமே தீர்மானிக்கின்றது. சீனன்குடாவின் களஞ்சியத்தில் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞருக்கும் அத்தீர்மானத்துக்கும் இடையே பல கடல்கள் உள்ளன.

2. வணிக மென்பொருள் என்பது யாது?

பழைய நாட்களில் ஒரு நிறுவனத்தின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனிப் பேரேட்டைக் கொண்டிருந்தது. களஞ்சியத்தில் இருப்புப் பேரேடு, கணக்குப் பகுதியில் பொதுப் பேரேடு, கொள்வனவுப் பகுதியில் கட்டளைப் புத்தகம், ஆளணிப் பகுதியில் சம்பளப் பட்டியல் என்றவாறு அவை அமைந்தன. மாத முடிவிலே இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இணங்கச் செய்வதே எழுதுவினைஞர் பலரின் தொழிலாக இருந்தது.

வணிக மென்பொருள் இப்பேரேடுகளை ஒரே தரவுத்தளத்தில் இணைக்கின்றது. கோதுமைக் கப்பலொன்று வருவதாகக் கொள்வோம். இறங்கிய நிறை ஒரு தடவை பதியப்பட்டதும், களஞ்சிய இருப்பு உயர்கின்றது. வழங்குநருக்குச் செலுத்த வேண்டிய தொகை கடனாக எழுகின்றது. உற்பத்திப் பகுதிக்கு எத்தனை நாளுக்கான கோதுமை உண்டு எனத் தெரிகின்றது. பொதுப் பேரேட்டில் இரட்டைப் பதிவு தானாகவே விழுகின்றது. ஒரு கையால் எழுதியது நான்கு பேரேடுகளிற் பதிகின்றது. இதன் வலிமையும் அபாயமும் இவ்விடத்திலேயே உள்ளன. சரியாகப் பதிந்தது நான்கிடத்திலும் சரியாகும்; பிழையாகப் பதிந்தது நான்கிடத்திலும் பிழையாகும். முன்னர் ஒரு பேரேட்டின் பிழையை மற்றப் பேரேடு காட்டிக்கொடுத்தது. இப்பொழுது எல்லாப் பேரேடுகளும் ஒரே பிழையை ஒரே குரலிற் கூறுகின்றன.

இத்துறையின் வரலாறு அரை நூற்றாண்டு கொண்டது. 1972 இல் சேர்மனியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் முன்னாட் பொறியியலாளர் ஐவர் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனம் இதில் முன்னோடிகளுள் ஒன்று. அதன் ஆர்-3 என்னும் பதிப்பு 1992 இலும், எஸ்-4 ஹானா என்னும் பதிப்பு 2015 இலும் வெளிவந்தன. இடைப்பட்ட தலைமுறைப் பதிப்புக்கான வழமையான பராமரிப்பு 2027 இறுதியுடன் முடியும் என அந்நிறுவனம் 2020 இல் அறிவித்தது. உலகெங்கும் பல்லாயிரம் நிறுவனங்கள் அவ்வறிவித்தலின்படி தம் நாட்காட்டியை அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. உற்பத்திக் கருவியை விற்றபின்பும் அதன் ஆயுளை நிருணயிக்கும் அதிகாரத்தைத் தம் கையில் வைத்திருப்பது இத்தொழிலின் சிறப்பியல்பு எனலாம். ஆலையின் இரும்பு இயந்திரம் தேயும்வரை ஓடும். மென்பொருள் தேய்வதில்லை; அது ‘பழையது’ என அறிவிக்கப்படுகின்றது.

3. புதிய பதிப்பின் தேவை

இவ்வாறு கூறுவதனால் புதிய பதிப்பு என்பது வெறும் விற்பனைத் தந்திரமே என முடிவு கட்டிவிடல் தவறாகும். அதற்கு உண்மையான காரணங்கள் உள. அவற்றுள் இரண்டினை நோக்குவோம்.

முதலாவது, சட்டத்தின் மாற்றம். இலங்கையிற் பெறுமதிசேர் வரி 2022 யூன் 1 இல் 8 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகவும், அவ்வாண்டு செப்டெம்பர் 1 இல் 15 சதவீதமாகவும், 2024 சனவரி 1 இல் 18 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. பத்தொன்பது மாதங்களில் மூன்று மாற்றங்கள். விகிதத்தை மாற்றுவது எளிதெனத் தோன்றும். ஆயின் முன்னைய விகிதத்தில் விற்கப்பட்ட பொருள் பின்னர் திருப்பி அனுப்பப்படின் அது பழைய விகிதத்திலேயே கழிக்கப்பட வேண்டும். கட்டளை ஒரு விகிதத்திலும், விநியோகம் வேறொரு விகிதத்திலும் நிகழக்கூடும். சுங்கத் திணைக்களம் ஐக்கிய நாடுகள் வர்த்தக அபிவிருத்தி மாநாட்டின் ‘அசிக்குடா’ மென்பொருளைக் கையாளுகின்றது. இறக்குமதியாளரின் கணக்கு அதனோடும் இணங்க வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. இதற்கு எமது நாட்டிலேயே கசப்பான சான்று உண்டு. 2023 ஓகஸ்டில் அரசாங்க முகிற் கணினியில் இயங்கிய மின்னஞ்சற் சேவை பணயத் தாக்குதலுக்குள்ளாயிற்று. ஏறத்தாழ 5,000 அரச முகவரிகளுக்குரிய, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவுகள் மீட்கப்பட முடியாமற் போயின. அங்கு இயங்கியது மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பாகும். அதற்கான பராமரிப்பு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. நிதிப் பற்றாக்குறையால் மேம்படுத்தல் தள்ளிப்போடப்பட்டதாகக் காரணம் கூறப்பட்டது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டியதை நினைவுகூர்ந்தால், டொலரில் விலை கூறப்படும் உரிமக் கட்டணத்தைச் செலுத்துவது எத்துணைச் சுமையானது என்பது விளங்கும்.

எனினும் புதியதை நிறுவுதலே எப்பொழுதும் பாதுகாப்பு எனவும் கொள்ள முடியாது. 2017 யூன் 27 ஆம் நாள் ‘நொட்பெட்யா’ எனப் பெயர் பெற்ற அழிவு நிரல் உலகெங்கும் பரவிற்று. அது புறப்பட்ட இடம் உக்ரேனில் வரிக் கணக்குக்குப் பயன்பட்ட வணிக மென்பொருளொன்றின் மேம்படுத்தற் சேவையாகும். அதாவது, நம்பிக்கையுடன் நிறுவப்பட்ட புதிய பதிப்பே நஞ்சைச் சுமந்து வந்தது. அதே வேளை அந்நிரல் பரவிய வழிகளுள் ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாதிருந்தோரும் பாதிக்கப்பட்டனர்.

துறைமுகங்களைப் பற்றிப் பேசும் நாம் இங்கு மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் அனுபவத்தைக் குறிப்பிடாதிருக்க முடியாது. அந்நிறுவனம் 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் மீள நிறுவ வேண்டியிருந்தது. மும்பையை அடுத்த சவகர்லால் நேரு துறைமுகத்தில் அதன் முனையமும் நிலைகுலைந்தது. நிறுவனத்தின் பயனாளர் விபரங்களைக் காக்கும் சேவையகங்கள் உலகெங்கும் அழிந்துபோக, கானாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. அவ்வேளை அங்கு மின்சாரம் தடைப்பட்டிருந்தமையே காரணம். 2022 இல் நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டை அனுபவித்த எம்மவர்க்கு இச்செய்தி ஒரு கசப்பான புன்னகையைத் தரலாம்.

4. நிறுவுதலின் படிமுறை

ஒழுங்காக நடத்தப்படும் நிறுவுதல் ஓரிரவில் நிகழ்வதன்று. அவ்விரவு பல மாத வேலையின் இறுதிக் கட்டம் மட்டுமே.

முதற்கண், உண்மையான கணக்கு இயங்கும் கணினியைத் தொடாமல், அதன் பிரதியொன்று வேறாக அமைக்கப்படும். பொதுவாக மூன்று சூழல்கள் பேணப்படுகின்றன: மாற்றங்களைச் செய்வதற்கு ஒன்று, அவற்றைப் பரிசோதிப்பதற்கு ஒன்று, நாளாந்தத் தொழிலுக்கு ஒன்று. புதிய பதிப்பு முதலாவதில் நிறுவப்பட்டு, இரண்டாவதிற் சோதிக்கப்பட்டு, ஈற்றிலேயே மூன்றாவதற்குக் கொண்டுசெல்லப்படும். செலவைக் குறைக்கும் பொருட்டு இரண்டாவதை விட்டுவிடும் நிறுவனங்களும் உண்டு. அவை சோதனையை வாடிக்கையாளர் மீதும் ஊழியர் மீதும் நடத்துகின்றன என்றே கூற வேண்டும்.

அடுத்ததாக, நிறுவனம் காலப்போக்கில் தானாகச் சேர்த்துக்கொண்ட உள்ளூர்த் திருத்தங்கள் பட்டியலிடப்படும். இதுவே மிகக் கடினமான கட்டம். பத்தாண்டுகளுக்கு முன்னர் ஒருவர் எழுதிச் சேர்த்த சிறு நிரல் எதற்காக உள்ளது என்பதை எவரும் அறியாதிருப்பர். அதனை எழுதியவர் ஓய்வு பெற்றோ புலம்பெயர்ந்தோ இருப்பார். ‘பயனற்றது’ என அது நீக்கப்படும். அது ஆற்றிய பணி யாதென்பது அதன்பின்னரே தெரியவரும்.

மூன்றாவது, தரவுகளின் மாற்றம். பழைய தரவுகள் புதிய அமைப்புக்கேற்பப் பெயர்க்கப்பட்டு, முன்பின் இருப்புகள் ஒப்பிடப்படும். மொத்தத் தொகை இணங்கினாற் போதாது. ஒவ்வொரு பொருளும், ஒவ்வொரு களஞ்சியமும், ஒவ்வொரு கடனாளியும் தனித்தனியே இணங்க வேண்டும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று சமன் செய்து மொத்தத்தைச் சரியாகக் காட்டிவிடக்கூடும் என்பது கணக்காய்வாளர் அறிந்த உண்மை.

நான்காவது, மாற்ற இரவு. வார இறுதியோடு போயா தினமும் சேர்ந்து வரும் விடுமுறை இதற்குத் தெரிவு செய்யப்படுவதுண்டு. பழைய கணினியிற் புதிய பதிவுகள் நிறுத்தப்படும். இறுதிப் பிரதி எடுக்கப்பட்டு வேறிடத்தில் வைக்கப்படும். பின்னர் மாற்றம் தொடங்கும். இதில் ஒரு குறித்த நேரம் முன்கூட்டியே நிருணயிக்கப்பட வேண்டும்: அந்நேரத்துள் இன்னின்ன சோதனைகள் சித்தியடையாவிடின் பழைய நிலைக்குத் திரும்புவது என்ற தீர்மானம். அந்நேரம் கடந்தபின் திரும்புதல் அரிது. களைப்பும், மேலிடத்து அவசரமும், ‘இன்னும் சிறிது முயன்றாற் சரிவரும்’ என்ற எண்ணமும் அவ்வேளையிலேயே மேலோங்கும். எனவேதான் அத்தீர்மானம் களைப்பில்லாத வேளையில், எழுத்தில், முன்னரே செய்யப்பட வேண்டும் என்கிறோம்.

கணக்கு நிறுத்தப்படலாம், கப்பலை நிறுத்த முடியாது. துறைமுகத்தில் ஒரு நாள் தாமதமும் தாமதக் கட்டணமாக எழும். ஆகவே கணினி மூடியிருக்கும் மணிநேரங்களில் இறங்கும் பொருளும் வெளியேறும் பவுசரும் காகிதப் படிவத்திற் பதியப்படும். மறுநாள் அவை யாவும் கணினியில் ஏற்றப்பட வேண்டும். எக்காகிதம் ஏற்றப்பட்டது, எது ஏற்றப்படவில்லை என்பதைத் தொடரிலக்கமிட்டுப் பேணாத இடங்களில், சில பதிவுகள் இரு தடவை ஏறுவதும் சில ஏறாமல் விடுபடுவதும் இயல்பு.

5. அளவையும் பழியும்

உள்ளூர்த் திருத்தம் எத்துணை முக்கியமானது என்பதை எண்ணெய்க் குதத்தை உதாரணமாகக் கொண்டு விளக்கலாம்.

எண்ணெய் வெப்பத்தால் விரிவடையும். ஆதலால் எண்ணெயின் கொள்ளளவு 15 பாகை செல்சியசு வெப்பநிலைக்குரியதாக மாற்றிக் கணக்கிடப்படுவது பன்னாட்டு வழக்கம். குதத்தினுள் அளவு நாடாவை இறக்கி உயரத்தை அளப்பர், வெப்பநிலையைப் பார்ப்பர், அட்டவணையின் துணைகொண்டு நியமக் கொள்ளளவைக் காண்பர். திருகோணமலையின் வெயிலில் குதத்தின் எண்ணெய் 30 பாகையில் இருப்பதாகக் கொள்வோம். டீசல் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.083 சதவீதம் விரிவடையும். 15 பாகை வேறுபாட்டுக்கு இது ஒன்றேகாற் சதவீதத்தை அண்மிக்கும். 12,000 கிலோலீற்றர் நிரம்பிய குதத்தில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 150 கிலோலீற்றராகும். 13,200 லீற்றர் கொள்ளும் பவுசர்கள் பதினொன்றை நிரப்பத்தக்க அளவு இது.

இப்பொழுது ஒரு புதிய பதிப்பை நினைத்துப் பார்ப்போம். பழைய பதிப்பில் ஒருவர் எழுதிச் சேர்த்த வெப்பநிலைத் திருத்தம் புதியதற்கு மாற்றப்படவில்லை. அல்லது, நாடாவில் அளந்த அளவே நியம அளவு எனப் புதிய பதிப்பு எடுத்துக்கொள்கின்றது. கணக்குப் புத்தகத்தில் 150 கிலோலீற்றர் மிகையாகத் தோன்றும். அடுத்த கணக்கெடுப்பின்போது அது ‘குறைவு’ எனத் தோன்றும். குதத்திலிருந்து ஒரு துளியும் வெளியேறவில்லை. ஆயின் பதினொரு பவுசர் எண்ணெயைக் காணவில்லை என அறிக்கை கூறும். அவ்வறிக்கை முதலில் யாரைத் தேடிச் செல்லும்? மென்பொருளை ஆக்கியவரையன்று. களஞ்சியப் பொறுப்பாளரையும், அளவெடுத்த ஊழியரையும், பவுசர்ச் சாரதியையுமே தேடிச் செல்லும்.

இது வெறும் கற்பனை அன்று என்பதற்குப் பிரித்தானிய அஞ்சல் நிறுவனத்தின் வரலாறு சான்று. 1999 முதல் அங்கு ‘ஹொறைசன்’ என்னும் கணக்கு மென்பொருள் நிறுவப்பட்டது. கிளை அஞ்சலகங்களை நடத்திய சிற்றூழியரின் கணக்குகளில் விளக்கமுடியாத குறைவுகள் தோன்றின. மென்பொருள் பிழைக்காது எனக் கொண்டு, 2015 வரையிலான காலத்தில் 900 க்கும் மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு முதலான குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் தம் சேமிப்பையெல்லாம் இழந்து இல்லாத குறைவை நிரப்பினர். மென்பொருளிலே பிழைகள் இருந்தன என்பதை 2019 இல் உயர் நீதிமன்றம் ஏற்றது. இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றின் தண்டனைகள் 2024 மே மாதத்தில் தனிச் சட்டமொன்றால் நீக்கப்பட்டன. கால் நூற்றாண்டு கழிந்துவிட்டிருந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் கணினியை வெறுத்தொதுக்குவதன்று. கணினியின் சொல்லுக்கும் தொழிலாளியின் சொல்லுக்கும் முரண்பாடு எழும்பொழுது, முன்னதே உண்மை எனக் கொள்ளும் மனப்பாங்கு ஒரு சமூக உறவின் வெளிப்பாடு என்பதே மனங்கொள்ளத்தக்கது. புதிய பதிப்பு நிறுவப்பட்ட முதல் மாதங்களில் தோன்றும் குறைவு எதுவும், மென்பொருள் பரிசோதிக்கப்படும்வரை, எவர் மீதும் சுமத்தப்படலாகாது என்ற விதி எழுத்தில் இருத்தல் வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதுபோல இதனைப் பற்றியும் பேச வேண்டிய காலம் இது.

6. மொழியும் பெயரும்

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை 3,79,541. தமிழர், முசுலிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தவரும் பெருந்தொகையினராக வாழும் மாவட்டம் இது. துறைமுகத் தொழிலிடங்களில் தமிழும் சிங்களமும் அருகருகே ஒலிக்கின்றன. 1987 இன் 13 ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. எனினும் வணிக மென்பொருளின் திரை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளது. அதனை வாசித்துப் பொருள் கொள்ளத் தக்கவரே அதனைச் சோதிக்கவும் குறை கூறவும் முடிகின்றது. ஏனையோர், எந்தக் கட்டத்தில் எந்த விசையை அழுத்துவது என்பதை மனனம் செய்து வேலை செய்கின்றனர். திரை மாறியதும் அம்மனனம் பயனற்றுப் போகின்றது. அது அவர்தம் அறியாமை எனப்படுகின்றது.

தமிழிற் பதியப்பட்டவற்றுக்கும் தனி இடர் ஒன்று உண்டு. இலங்கையில் நெடுங்காலம் ‘பாமினி’ முதலான எழுத்துருக்களே தமிழுக்குப் பயன்பட்டன. அம்முறையிற் கணினி சேமித்து வைப்பது தமிழ் எழுத்தையன்று. உரோம எழுத்துக் கோவையையே. எழுத்துரு அதன் மேல் தமிழுருவைப் போர்த்திக் காட்டும். 1991 முதல் தமிழுக்கு இடமளித்த ஒருங்குறி முறையைப் பின்பற்றும் புதிய பதிப்புக்கு இத்தரவுகளை மாற்றாமற் கொண்டுசென்றால், ஆள்களின் பெயரும் ஊரின் பெயரும் பொருளற்ற எழுத்துக் குவியலாக மாறும். இதற்கான மாற்றி நிரல்கள் உள. ஆயின் ஒரே பதிவில் ஆங்கிலமும் பாமினியும் கலந்திருக்குமிடத்து எது எதுவெனக் கணினிக்குத் தெரியாது. தமிழ் அறிந்த ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்தே திருத்த வேண்டும்.

பெயர் பற்றிய இடர் இதனினும் ஆழமானது. மேலைத்தேயத்தில் ஆக்கப்பட்ட மென்பொருள் ‘குடும்பப் பெயர்’, ‘முதற்பெயர்’ என இரு கட்டங்களைக் கேட்கின்றது. தமிழரிடையே தந்தையின் பெயரே முன்னெழுத்தாக வருவது பெருவழக்கு; குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. பழைய பதிப்பில் ஒரே கட்டத்தில் எழுதப்பட்டிருந்த பெயரைப் புதிய பதிப்பு இரண்டாகப் பிரிக்கும்பொழுது, தந்தை மகனாகவும் மகன் தந்தையாகவும் இடம் மாறுவர். முசுலிம் பெயர்களுக்கும், நீண்ட ‘கே’ பெயர்களையுடைய சிங்களப் பெயர்களுக்கும் இதே கதிதான். தேசிய அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலும் சம்பளப் பட்டியலில் உள்ள எழுத்துக்கூட்டலும் வேறுபடின், ஊழியர் சேமலாப நிதியைப் பெறும் நாளிலேயே அதன் விளைவு தெரியும். போரினாலும் 2004 ஆழிப்பேரலையாலும் ஆவணங்களை இழந்த குடும்பங்கள் பல வாழும் மாவட்டத்தில் ஓர் எழுத்தின் பிழை சிறு பிழையன்று.

7. பரிசோதிப்பவர் யார்?

இதுவரை கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகின்றது. மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவுபவர் தொழில்நுட்பவியலாளரே எனினும், அது சரியாக நிறுவப்பட்டதா என்பதை அறியத்தக்கவர் அவரல்லர். 30 பாகை வெயிலில் குதத்தை அளந்தவரும், கப்பலின் அமிழ்வைப் பார்த்து இறங்கிய நிறையைக் கணித்தவரும், நிறுவைத் தராசின் சீட்டையும் களஞ்சியப் பதிவையும் நாள்தோறும் ஒப்பிட்டவருமே அதனை அறிவர். அவர்தம் அறிவு நூல்களில் இல்லை. பழைய பதிப்பின் உள்ளூர்த் திருத்தங்களிலும் அவர்தம் கைப்பட எழுதிய குறிப்புப் புத்தகங்களிலுமே உள்ளது. எவரும் கேளாவிடின் அவ்வறிவு மாற்ற இரவில் அழிந்துபோகும்.

ஆகவே சில நடைமுறைகளை முன்வைக்கின்றோம். சோதனைக்குரிய உதாரணங்களைத் தலைமைக் காரியாலயம் ஆக்குவதோடு அமையாது, தொழிலிடத்தில் உண்மையில் நிகழ்ந்த சிக்கலான சம்பவங்களைக் கொண்டு ஊழியரே ஆக்குதல் வேண்டும். சோதனைக்குச் செலவிடும் நேரம் வேலைநேரமாகக் கணிக்கப்பட்டு ஊதியம் வழங்கப்படல் வேண்டும். நாளாந்த வேலை முடிந்தபின் செய்யும் உபகாரமாக அதனைக் கருதுதல் சோதனையைப் பெயரளவினதாக்கும். பயிற்சியும் வழிகாட்டி நூலும் தமிழிலும் சிங்களத்திலும் அமைதல் வேண்டும். அவற்றிற்கான கலைச்சொற்களை, ஏலவே தொழிலிடத்தில் வழங்கும் சொற்களிலிருந்தே தேர்ந்துகொள்ளல் வேண்டும். ‘குதம்’, ‘பவுசர்’, ‘இறங்குதுறை’ என அவர்கள் வழங்கும் சொல்லை விடுத்து எவரும் அறியாத சொல்லைப் புனைவதாற் பயனில்லை. பழைய கணினியின் தரவுகளை வாசிக்கத்தக்க நிலையிற் சில ஆண்டுகளேனும் பேணுதல் வேண்டும். பழியை மறுக்க வேண்டியவருக்கு அதுவே சாட்சி. ஈற்றாக, திரும்பிச் செல்லும் நேரத்தைத் தீர்மானிக்கும் குழுவில் தொழிலிடத்தின் பிரதிநிதி ஒருவரேனும் இடம்பெறுதல் வேண்டும்.

இவற்றுக்குச் செலவு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. நெருக்கடியில் உள்ள நாட்டில் நிறுவனங்கள் செலவைக் குறைக்க முனைவது இயல்பே. ஆயின் சோதனையில் மிச்சப்படுத்தப்படும் செலவு மறைந்துவிடுவதில்லை. அது இடம்பெயர்ந்து, நிறுவனத்தின் கணக்கிலிருந்து ஊழியரின் நித்திரையிழந்த இரவுகளுக்கும், விளக்கம் கோரும் கடிதங்களுக்கும், தடுத்து வைக்கப்படும் சம்பள உயர்வுகளுக்கும் செல்கின்றது. யாருடைய பேரேட்டிலும் பதியப்படாத செலவு அது.

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு, தொலைவிலிருந்து வந்த தீர்மானங்களின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. புதிய பதிப்பும் அவ்வாறே தொலைவிலிருந்து வருகின்றது. அதனைத் தடுப்பது இயலாதது, விரும்பத்தக்கதுமன்று. ஆனால், வந்ததை அளந்து பார்க்கும் கோல் இங்குள்ளோர் கையில் இருத்தல் வேண்டும். குதத்தின் ஆழத்தை நாடாவால் அளந்தவர்கள் திரையின் உண்மையையும் அளக்க வல்லவர்களே. அதற்கான நேரத்தையும் மொழியையும் உரிமையையும் அவர்களுக்கு உறுதிசெய்யும் நிறுவுதலையே முழுமையான நிறுவுதல் என நாம் கொள்ளலாம்.